நூற்றில் நான்கு

ஊருக்குப் பெயர் பிறை.
வளர்வதா தேய்வதா என்று
பெயர்ப்பலகையில் போடவில்லை.

எங்கள் புகைபோக்கியில் புகை கிடையாது.
போன மாதம் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி
கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"ஒண்ணுமே வரலையே டீச்சர், எதைப் பிடிக்கிறீங்க?"
நான் டீச்சர் இல்லை.
உள்ளங்கையை அவள் வாய்க்கு நேரே நீட்டி
"ஊது" என்றேன்.
ஊதினாள்.
அந்த வெதுவெதுப்பில் நூற்றுக்கு நான்கு பங்கு.
மேலே போவதிலும் ஏறக்குறைய அதே நான்கு.
மிச்சம் தொண்ணூற்றாறையும் விலக்கிக்கொண்டு
அந்த நாலைத் தேடுகிறோம்,
தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்தில்
கைநழுவிய பிள்ளையைத் தேடுவதுபோல்.

கோபுரத்துக்குள்
மேலிருந்து அமீன் வழிகிறது,
கீழிருந்து வாயு ஏறுகிறது.
சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்,
யாரும் சொல்லிக்கொடுக்காமல்.
பிடிப்பதற்குப் பெரிய செலவில்லை.
விடவைப்பதற்குத்தான்.
பக்கத்துக் கோபுரத்தில் நூற்றிருபது பாகையில்
இரவும் பகலும் நீராவி நின்று கெஞ்ச வேண்டும்:
விடு, விட்டுவிடு.
பிறகு இறுக்கி, திரவமாக்கி, கப்பலேற்றி,
கிழக்குக் கடலுக்கடியில்
எரிவாயு எடுத்துத் தீர்ந்த பாறைக்குள்
கொண்டுபோய் வைப்பார்களாம்.
அரிசியை இரவல் வாங்கியவள்
உமியைத் திருப்பிக் கொடுப்பதுபோல்.

அமீன், மீன் நாறும்.
பெயரிலேயே இருக்கிறதே என்பான் சிவநேசன்.
மூன்று வருடமாய் அவனிடம் இருப்பது இந்த ஒரே நகைச்சுவை.
கையுறையைத் தாண்டும், சோப்பைத் தாண்டும்.
ஒரு வெள்ளிக்கிழமை காலை லிஃப்டில்
பதினோராம் மாடி மங்களம் அக்கா மூக்கைச் சுளித்து
"விரத நாள்லயுமா?" என்றாள்.
விளக்க ஆரம்பித்தேன்.
நான்காம் மாடியிலேயே பேச்சை மாற்றிவிட்டாள்.

நேற்று வியாழன்.
மழை பெய்து பதினாறு நாள்.
நானும் ஹஸ்னிசாவும் மட்டும்.
பத்தேமுக்காலுக்குக் கோலாலம்பூரிலிருந்து போன்:
தெற்கே ஏதோ ஒரு நிலையம் விழுந்துவிட்டது,
தீவு முழுக்க ஏர்கோன்,
நீராவியை விசையாழிக்குத் திருப்புங்கள்.
குரலில் அவசரம்கூட இல்லை.
உப்பு கொஞ்சம் கூடப் போடச் சொல்வதுபோல் சொன்னான்.

ஹஸ்னிசா என்னைப் பார்த்தாள்.
நான் திரையைப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்று.
எழுபது.
முப்பத்தெட்டு.
அப்புறம் பார்க்கவில்லை.
வெளியே போய் நின்றேன்.
புகைபோக்கியில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.
பாலத்து விளக்குகள் ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை.
எல்லாம் ஒழுங்காக இருந்ததுதான்
கொஞ்சம் உறுத்தியது.

வீட்டுக்குப் போன் போட்டேன்.
"ஏர்கோன் எத்தனையில வச்சிருக்க?"
"பதினெட்டும்மா" என்றான் எழிலன், போர்வைக்குள்ளிருந்து.
இருபத்தைந்துக்கு மாற்றச் சொன்னேன்.
ஏன் என்றான்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
மாற்றியிருக்க மாட்டான்.

விடியும்முன் பதிவேடு.
நிறுத்தம்: ஆறு மணி பத்து நிமிடம், தொடர்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்
மலாயில் "பெர்மிந்தாஆன்" என்று எழுதினேன்.
அங்கே அது கேட்பது.
தமிழில் நினைத்தால் தேவை என்று வருகிறது.
இரண்டும் ஒன்றில்லை.
எது என்று குறிக்க அதில் கட்டமில்லை.

ஹஸ்னிசா ஒரு கஸ்தூரி எலுமிச்சையை நறுக்கிப்
பாதியை நீட்டினாள்.
விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன்.
எலுமிச்சை வாசமும் மீன் நாற்றமும்
அடுத்தடுத்து நின்றன.

காலை எட்டுக்கு லிஃப்ட்.
மங்களம் அக்கா, ஈரத் தலையில் துண்டு, கையில் பூப்பை.
இந்த முறை எதுவும் கேட்கவில்லை.
கதவு மூடியதும்
கன்னம் இரண்டும் உப்ப
மூச்சை அடக்கிக்கொண்டாள்.
பதினொரு மாடியும் அப்படியே நின்றாள்.

அமீன் இன்னும் சூடேறியிருக்காது.
அந்த நேரத்தில் பிறையில்
பிடித்துவைத்திருந்த நாலு பங்கு
அது ஒன்றுதான்.